கண்ணுக்குத் தெரியாத துடிப்பு: திரைத் தொழில்நுட்பமும் தலைவலியும், திருமழிசை வட்டாரத்தை முன்வைத்து

“எந்நேரமும் திரையையே பார்த்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்?” வீட்டுப் பெரியவர்களும் மருத்துவர்களும் ஒருசேரச் சொல்லும் விடை இது. இதில் பழி முழுவதும் பார்ப்பவர்மேல் விழுகிறது. பார்க்கப்படும் பொருள் எப்படி ஒளி விடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பழைய பிக்சர் ட்யூப், எல்சிடி, ஓஎல்இடி ஆகிய மூன்றும் ஒளி விடும் முறையில் வெகுவாக வேறுபட்டவை. திரையால் வருவதாகச் சொல்லப்படும் கண்வலியிலும் தலைவலியிலும் ஒரு பகுதி, திரையின் ஒளி இடைவிடாமல் அணைந்து எரிவதால் வருவது என்று கொள்ள வலுவான காரணங்கள் உண்டு. அந்தத் துடிப்பைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர். ஆகவே அதை அளந்து சொல்லும் கடமையும் அவருடையதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

திருமழிசையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பூந்தமல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் நடுவே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். திருமழிசையாழ்வார் அவதரித்த தலம். கால் பெருவிரலில் கண் உடையவராக அவரை இவ்வூர் வணங்குகிறது. இன்று அதன் அடையாளங்களில் ஒன்று சிட்கோ தொழிற்பேட்டை. கடைசல் பட்டறையில் சிஎன்சி இயந்திரத்தின் பலகைத் திரை, அனுப்புகைப் பிரிவில் கணினி, வாயிலில் சிசிடிவி, கையில் பார்கோடு கருவி, சட்டைப்பையில் கைபேசி என்று ஒரு ஷிப்டுக்குள் ஒருவர் பல திரைகளைப் பார்க்கிறார். வடகிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மென்பொருள், அழைப்பு மைய வேலைகள். மேற்கே திருப்பெரும்புதூர் பக்கம் கைபேசியும் தொலைக்காட்சியும் தயாராகும் ஆலைகள். திரையைச் செய்பவரும் திரையால் பிழைப்பவரும் ஒரே சாலையில் கம்பெனி பஸ்ஸில் போகும் வட்டாரம் இது.

தமிழகத்தின் எளிய வீடுகளுக்குத் திரை வந்த வரிசையும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தவை 14 அங்குல பிக்சர் ட்யூப் பெட்டிகள். 2011 செப்டம்பர் 15-இல், இதே மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கப்பட்ட நலத்திட்டங்களோடு எல்சிடி திரையுள்ள மடிக்கணினி மாணவர் கைக்கு வந்தது. அடுத்து யாரும் கொடுக்காமலே கைபேசியும், அதோடு ஓஎல்இடி திரையும் வந்தன. இருபது ஆண்டுகளுக்குள் ஒரே குடும்பம் மூன்று தொழில்நுட்பங்களைக் கடந்துவிட்டது. சொல்லப்பட்ட அறிவுரை மட்டும் மாறவில்லை: கிட்டத்தில் உட்காராதே, அதிக நேரம் பார்க்காதே.

பிக்சர் ட்யூபில் எலெக்ட்ரான் கற்றை திரையை வரிவரியாகத் தடவிச் செல்லும். நம் நாட்டின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் அது வினாடிக்கு 50 முறை நடந்தது. கற்றை கடந்ததும் அந்த இடம் மங்கும். நேராகப் பார்க்கும்போது தெரியாத அந்தச் சிமிட்டல் கடைக்கண்ணில் நன்றாகத் தெரியும். அசைவையும் துடிப்பையும் பிடிப்பதில் விழித்திரையின் ஓரம் கெட்டி. குறை கண்ணுக்குத் தெரிந்ததால்தான் அதற்கு எதிராகப் பேசவும் முடிந்தது. ஐரோப்பியச் சமூகத்தின் 1990-ஆம் ஆண்டு நெறிமுறை, பணியிடத் திரையில் படம் சிமிட்டலின்றி நிலையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. கண் பரிசோதனையைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. ஸ்வீடனின் டிசிஓ’99 தரச்சான்று, பிக்சர் ட்யூப் கணினித்திரைக்குக் குறைந்தது 85 ஹெர்ட்ஸ் கேட்டது.

எல்சிடி வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். எல்சிடியின் புள்ளி அடுத்த கட்டளை வரும்வரை தன் நிலையைப் பிடித்து வைத்திருக்கும். அதனளவில் அது துடிப்பதில்லை. ஆனால் அது தானாக ஒளி விடுவதுமில்லை. பின்னாலிருக்கும் விளக்குதான் ஒளி. அந்த விளக்கு எல்இடியாக மாறியபோது, வெளிச்சத்தைக் குறைக்கப் பல தயாரிப்பாளர்கள் மலிவான வழியைக் கைக்கொண்டார்கள்: மின்னோட்டத்தைக் குறைப்பதற்குப் பதில், விளக்கை வினாடிக்குச் சில நூறு முறை முழுதாக அணைத்து முழுதாக எரிய விடுவது. எரியும் நேரம் குறையக் குறைய மூளைக்கு மங்கலாகத் தெரியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது. மிகக் குறைந்த மின்னோட்டத்தில் புள்ளிகளின் நிறமும் பொலிவும் ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால், அங்கும் அணைத்து எரிப்பதே வழக்கமாயிற்று. பல ஓஎல்இடி கைபேசிகள் வினாடிக்கு 240 அல்லது 480 முறை இப்படித் துடிக்கின்றன. இந்த வேகத்தைக் கண் பார்க்காது. பார்க்காததை உடல் உணராது என்று சொல்ல முடியுமா என்பதே கேள்வி.

முடியாது என்பதற்குச் சான்று திரை ஆய்விலிருந்து வரவில்லை, ட்யூப் லைட் ஆய்விலிருந்து வந்தது. 1989-இல் பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸும் உடனாய்வாளர்களும் ஓர் அலுவலகத்தில் இருவகை விளக்குகளை ஒப்பிட்டார்கள். ஒன்று வழக்கமான சோக்கில் எரிவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மற்றொன்று சுமார் 32,000 ஹெர்ட்ஸில் எரியும் மின்னணுச் சோக் விளக்கு. எது எந்த விளக்கு என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. மின்னணுச் சோக்கின் கீழ் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. இந்த முடிவு நமக்கு நேரடியாகப் பொருந்தும். நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். பின்னர் 2013-இல் ராபர்ட்ஸும் வில்கின்ஸும் இன்னொன்றைக் காட்டினார்கள்: கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் கணத்தில், ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட துடிப்புகூடப் புள்ளிவரிசையாகப் புலப்படுகிறது. வாசிப்பு என்பதே இத்தகைய தாவல்களின் தொடர்.

மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 2015-இல் வெளியிட்ட 1789 என்னும் பரிந்துரை, எல்இடி விளக்குகளுக்கு ஓர் எளிய கணக்கைத் தருகிறது. 90 முதல் 1250 ஹெர்ட்ஸ் வரை, துடிப்பு வேகத்தை 0.08 ஆல் பெருக்கினால் வரும் எண்தான் குறைந்த இடர் எனக் கொள்ளத்தக்க ஏற்ற இறக்க விழுக்காடு. 100 ஹெர்ட்ஸுக்கு 8 விழுக்காடு, 240 ஹெர்ட்ஸுக்கு 19 விழுக்காடு, 480-க்கு 38. மங்க வைத்த ஓஎல்இடி திரையில் ஏற்ற இறக்கம் நூறு விழுக்காட்டை நெருங்கும், ஏனெனில் அங்கே ஒளி முழுதாக அணைகிறது. விளக்குகளுக்கான கணக்கைத் திரைக்குப் பொருத்துவதில் சிக்கல் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. விளக்கு அறையையே நிறைக்கிறது. கைபேசி பார்வையின் சிறு பகுதியைத்தான் பிடிக்கிறது. 240 என்பது 100-ஐவிட வேகமானது. இவை ஆறுதல் தருபவை. எதிர்ப்பக்கத்தில், விளக்கை யாரும் மணிக்கணக்கில் ஓர் அடி தூரத்தில் வைத்து உற்றுப் பார்ப்பதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது. சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஜமீல் ரிஸ்வானா உசைன்தீனும் குழுவினரும் தமிழகப் பள்ளிப் பிள்ளைகளின் இருகண் ஒருங்கிணைப்பை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், நகரத்தில் 31.5 விழுக்காட்டினருக்கும் கிராமத்தில் 29.6 விழுக்காட்டினருக்கும் அதில் ஏதோ ஒரு குறை இருந்தது. கிட்டத்துப் பொருளை நோக்கி இரு கண்களும் சரியாகக் குவியாத குறையே அதில் பெரும்பங்கு. மாறுகண் போல வெளியே தெரியாது. வாசித்தால் தலை வலிக்கும், எழுத்து இரண்டாகத் தெரியும். நகரமும் கிராமமும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பது, திரை வரும் முன்பே இக்குறை நம்மிடம் இருக்கிறது என்று எண்ண வைக்கிறது. இமைப்புக் கணக்கும் அப்படியே. சுபோட்டாவும் நகமோரியும் 1993-இல் காட்டியபடி, சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 22 முறை இமைக்கும் கண், புத்தகம் வாசிக்கையில் 10 முறையும் கணினியில் 7 முறையும் இமைக்கிறது. கண் எரிச்சலுக்கு உலர்வே முதற்காரணம். எந்தத் திரையானாலும் அது வரும்.

இந்த மறுப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன். தலைவலி என்று வருபவருக்கு முதலில் செய்ய வேண்டியது முழுமையான கண் பரிசோதனை. பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல் குவியும் திறனையும் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய தொழிலாளிக்குக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி தருவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. ஆனால் கண்ணில் குறை உண்டு என்பது திரையில் குறை இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஏற்கெனவே திணறும் கண்ணுக்கும், ஒற்றைத் தலைவலி உடையவருக்கும் துடிக்கும் ஒளி கூடுதல் சுமை. கண்ணாடி சரியாக இருந்தும் ஒரு கைபேசியில் மட்டும் நெற்றிப்பொட்டு தெறிக்கிறது, இன்னொன்றில் தெறிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அதை மனப்பிரமை என்று ஒதுக்க நமக்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

சந்தை இதற்கிடையில் பொய்யான குற்றவாளி ஒன்றைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு என்று கூடுதல் விலை வைத்துக் கண்ணாடிக் கடைகளில் விற்கிறார்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்த 2023-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அந்தப் பூச்சால் திரைக் கண்சோர்வு குறைவதற்கு ஆதாரம் காணவில்லை. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் தொழிலாளியிடம் இதைத் தலையில் கட்டுவது அநீதி. “பிரைட்னஸைக் குறைத்துப் பார்” என்ற நல்லெண்ண அறிவுரைக்கும் இடத்துக்கேற்ற திருத்தம் தேவை. துடிப்பால் மங்கும் திரையில், குறைக்கக் குறைக்க அணைந்திருக்கும் நேரம் நீள்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து இருண்ட பஸ்ஸில், மிகக் குறைந்த ஒளியில் கைபேசி பார்ப்பவர் துடிப்பின் மோசமான நிலையையே பார்க்கிறார்.

பட்டறை விளக்குகளையும் விட்டுவிட முடியாது. நூறு முறை துடிக்கும் ஒளியில் சுழலும் கடைசல் சக்கரம் நிற்பதுபோல் தோன்றும் ஆபத்தை நம் மூத்த மின்பணியாளர்கள் அறிந்திருந்தார்கள். அதைத் தவிர்க்க, அடுத்தடுத்த விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு பேஸில் இணைத்தார்கள். மின்னணுச் சோக் வந்து அந்தத் துடிப்பு ஏறக்குறைய மறைந்தது. இப்போது மின்தேக்கியை மிச்சம் பிடித்துச் செய்யும் மலிவு எல்இடி விளக்குகளால் அதே நூறு ஹெர்ட்ஸ் திரும்பியிருக்கிறது. சோதிப்பது எளிது: கைபேசிக் கேமராவின் புரோ முறையில் ஷட்டரை 1/1000 வினாடிக்கும் குறைவாக வைத்து விளக்கையோ வேறொரு திரையையோ பார்த்தால், துடிப்பது கருங்கோடுகளாகத் தெரியும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் கண் சோர்வைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. கூசும் ஒளியையும் கண்ணை வருத்தும் நிழலையும் தடுக்கச் சொன்னது. துடிப்பு அதில் இல்லை. அச்சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் தொழில்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கும் நிலையில், அதன் விதிகளில் விளக்குக்கும் திரைக்கும் துடிப்பு வரம்பு இடம்பெற வேண்டும். பொருளின் பக்கத்தில் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. கைபேசியின் கதிர்வீச்சு அளவுக்கு 2012 முதல் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு உண்டு. *#07# என்று அழுத்தினால் எண் தெரிகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதியாமல் கைபேசியை விற்க முடியாது. அந்தப் பதிவோடு, திரையின் துடிப்பு வேகத்தையும், பாதி ஒளியிலும் குறைந்த ஒளியிலும் அதன் ஏற்ற இறக்க விழுக்காட்டையும் பெட்டிமேல் அச்சிடச் சொல்வது தயாரிப்பாளருக்குப் பெருஞ்செலவு வைக்காது.

இவ்வட்டாரத்துக் கண் மருத்துவர்களிடம், நூம்பல், தண்டலம் மருத்துவமனைகளில் அன்றாடம் இந்தத் தொழிலாளர்களைப் பார்ப்பவர்களிடம், ஒரு வேண்டுகோள். தலைவலி என்று வருபவரிடம் எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று கேட்பதோடு, எந்தத் திரை, எந்த அளவு பிரைட்னஸ், வேலையிடத்தில் என்ன விளக்கு என்பதையும் கேட்டு நோயாளிக் குறிப்பில் எழுதி வையுங்கள்.