தொழில்வழிப் புற்றுநோய் இடர் அறிவிப்பு

புற்றுநோய்க் காரணிகளுடன் புழங்கிய தொழிலாளருக்கு, வேலையை விட்ட பின்னும் ஆபத்தை எடுத்துச்சொல்லும் ஏற்பாடு. கல்நார்த் தூசியால் வரும் மீசோதெலியோமா பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் ஆள் ஓய்வுபெற்றிருப்பார். எனவே 1995-இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைப் பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க ஆணையிட்டது. பதிவேடு பெட்டியில் இருந்தால் போதாது. ஆளைத் தேடிச் சொல்வதே கடினமான பாதி.

காரணி கதிர்வீச்சானால் இன்னொரு சிக்கலும் உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், சிர்க்கான் முதலியவற்றோடு பிரிக்கப்படும் மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியம்-232 மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அக்கரையோர ஊர்களில் இயற்கைக் கதிர்வீச்சே மிகுதி. ஆகவே முன்னாள் ஊழியர் ஆலையில் பெற்றதையும் வீட்டு முற்றத்தில் பெற்றதையும் பிரித்தறிய, பணிக்காலக் கதிரளவுப் பதிவுகளே துணை.