பெற்றோர் வயதும் தாய் சுமந்த பழியும்

பேராக் மாநிலத்துச் சித்தியவான், 1903-ஆம் ஆண்டில் மெதடிஸ்த திருச்சபையின் முயற்சியால் குடியேறிய சீனரால் வளர்ச்சி பெற்ற ஊர். அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்தோர் தமிழர். சஞ்சிக்கூலிகளாக வந்த தொடக்கக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பெண்கள் மிகக் குறைவு. ஆகவே, ஆண் பல்லாண்டு காத்திருந்து தன்னினும் மிக இளையவளை மணப்பது அக்காலத்தில் புதுமையன்று. அத்தகைய இல்லத்தில், பேசும் பருவத்திலும் பேசாது, முகம் நோக்காது ஒரு பிள்ளை வளர்ந்தால், இலயத்தார் வாய் தாயையே சாடும். கிரகணத்தில் வெளியே வந்தாள், காத்துக்கருப்பு அண்டவிட்டாள் என்பர். தந்தையின் வயதை எவரும் எண்ணிப் பார்த்தாரில்லை.

இது கல்லாதார் பிழை மட்டுமன்று. கற்றோர் உலகும் இதே பிழையைச் செய்தது. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளை ஆராய்ந்து, ஆட்டிசம் எனும் மதியிறுக்கத்தைத் தனியொரு நிலையாக விளக்கினார். அது பிறவியிலேயே அமைவது என்று கருதிய அவரே, அக்குழந்தைகளின் பெற்றோரிடம் கனிவு குறைந்திருந்ததாகவும் எழுதினார். அக்கூற்றே வளர்ந்து, தாயின் அன்பின்மையே காரணம் என்னும் கோட்பாடாயிற்று. அத்தகைய பிள்ளையொன்றின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் அதனை மறுத்து நூல் எழுதினார். எனினும், 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அப்பழியை மேலும் பரப்பிற்று. 1977-இல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து மரபின் பங்கை நிறுவினர். கோட்பாடு தளர்ந்தது.

பின்னரே பெற்றோர் வயது ஆய்வுக்கு வந்தது. 2006-இல் இசுரேலில், படைச்சேர்க்கைக்காகப் பரிசோதிக்கப்பட்ட இளைஞரின் பதிவுகள் ஆராயப்பட்டன. முப்பதுக்குட்பட்ட தந்தையரின் மக்களைவிட, நாற்பதும் அதற்கு மேலுமான தந்தையரின் மக்களிடையே மதியிறுக்கம் ஐந்து மடங்குக்கு மேல் காணப்பட்டது. 2012-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர் காரணமொன்றைக் காட்டினர். ஆணின் உயிரணு வாழ்நாள் முழுதும் படியெடுக்கப்பட்டே உருவாவதால், தந்தையின் வயதில் ஓராண்டு கூடும்போது சேய்க்குச் செல்லும் புதிய மரபணு மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன.

2015-இல் ஐந்து நாடுகளின் 57 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது மடங்குகள் சுருங்கின. இருபதுகளிலுள்ள தந்தையரோடு ஒப்பிட, ஐம்பதைக் கடந்தோர்க்கு வாய்ப்பு 66 விழுக்காடு மிகுதி. தாய்மாருள் நாற்பதுகளில் உள்ளோர்க்கு 15 விழுக்காடு மிகுதி. இருபதுக்குட்பட்டோர்க்கு 18 விழுக்காடு மிகுதி. கணவன் மனைவியரிடையே வயது வேறுபாடு பெரிதாயினும் வாய்ப்பு கூடுவது புலனாயிற்று.

ஆயினும், மிகுதி என்பது விதியன்று. நூற்றில் ஒருவர்க்கு நேர்வது 66 விழுக்காடு கூடினாலும், நூற்றில் இருவரை எட்டாது. வயது முதிர்ந்து பெற்றோரின் மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நிலை இல்லை; இளம் பெற்றோர் மக்களுள்ளும் இஃது உண்டு. ஆகவே தாய் தலையில் இருந்த பழியை இறக்கித் தந்தை தலையில் ஏற்றுவதும் அறிவுடைமையாகாது.

2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் இந்நாட்டில் இப்பிள்ளைகளின் கல்வியுரிமையை ஏற்றுள்ளது. சித்தியவான் தோட்டங்களில் அன்று பழி சுமந்து வாய்மூடிய அன்னையர்க்கு இவ்வறிவு எட்டவில்லை. இன்றைய அன்னையர்க்கேனும் அஃது எட்டுதல் வேண்டும். 'யார் குற்றம்?' என்னும் வினா ஒழிந்து, 'பிள்ளைக்கு யாது செய்வோம்?' என்னும் வினா எழும் இல்லத்தில்தான் அப்பிள்ளைக்கு வாழ்வு தொடங்கும்.