பஞ்சு, பட்டாணி, அப்புறம் ஒரு 2000 வருஷத்துப் பயம்

ஒரு கொலைக் கேஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். குற்றவாளி அடியேன்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, மே மாச லீவுக்கு அக்கா பொண்ணு திருச்சியில இருந்து எங்க வீட்டுக்கு வந்திருந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை சந்தைப் பக்கம் கூட்டிட்டுப் போனப்போ, ஒருத்தர் பிளாஸ்டிக் கூடையில முயல் குட்டிகளைக் குவிச்சு வச்சிருந்தார். "மாமா, மாமா"ன்னு ஒரே நச்சரிப்பு. "கேரட் குடுங்க சார், வேற ஒண்ணும் வேணாம்" என்றார் அவர். ரெண்டு வாங்கினோம். வெள்ளைக்குப் பஞ்சு, சாம்பல் கலருக்குப் பட்டாணி. பேர் வச்சது அவதான்.

பஞ்சு முதல் நாளே கையில அசையாம உக்காந்துச்சு. "எப்படி ஒட்டிக்கிச்சு பாருங்க மாமா"ன்னு அவ சொல்ல, நானும் புல்லரிச்சுப் போய் போட்டோவா எடுத்துத் தள்ளினேன். ரெண்டாம் நாள், அழுக்கா இருக்கேன்னு பேபி ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, ஃபேனுக்கு அடியில விட்டோம். நாலாம் நாள் காலையில பஞ்சு விறைச்சுப் போய்க் கிடந்தது.

பட்டாணியையாவது காப்பாத்தணுமேன்னு கால்நடை டாக்டர்கிட்ட ஓடினேன். வயசானவர். திட்டவெல்லாம் இல்லை. பொறுமையா மூணு விஷயம் சொன்னார். ஒண்ணு, இது இன்னும் தாய்ப்பால் மறக்காத குட்டி. ரெண்டு, முயலைக் குளிப்பாட்டவே கூடாது. உடம்பு சூடு இறங்கிடும், அந்த அதிர்ச்சியே போதும். மூணாவதுதான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்தது. "அது உங்க கையில அசையாம உக்காந்தது பாசம் இல்ல தம்பி, பயம். பருந்து தூக்கிட்டதா நினைச்சிருக்கும்."

அடுத்த வாரம் அக்கா பொண்ணு ஊருக்குக் கிளம்பிட்டா. அதுக்கு முன்னாடியே பட்டாணி அவளுக்கு போரடிச்சுப் போச்சு. பட்டாணி என் தலையில.

பொட்டி தட்டுற பொழைப்புல ஒரு வியாதி உண்டு. ஏதாவது ஒண்ணு கிராஷ் ஆச்சுன்னா காரணம் தெரியாம தூக்கம் வராது. ஆணி புடுங்கி முடிச்சு வந்து ராத்திரி ராத்திரியா முயலோட வரலாற்றைத் தேட ஆரம்பிச்சேன். மனுஷங்களோட இவ்வளவு காலமா இருக்கிற பிராணிக்கு இன்னும் ஏன் இந்தப் பயம்? அதுல கிடைச்சதுதான் கீழே.

முதல்ல ஒரு விளக்கம். நம்ம காட்டுல ஓடுற முயல் வேற, கூண்டுல விக்கிற முயல் வேற. வீட்டு முயலோட பூர்வீகம் ஸ்பெயினும் தெற்கு பிரான்சும். மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழும். குட்டி பிறக்கும்போது முடி இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. அதனால குழிமுயல்னு சொல்றாங்க. நம்மூர் காட்டுமுயல் தரைக்கு மேலயே குட்டி போடும், குட்டி முடியோட, கண்ணைத் திறந்துகிட்டே பிறக்கும். காட்டுமுயலை மனுஷன் இதுவரைக்கும் வீட்டுப் பிராணியா மாத்தினதே இல்லை. நம்ம நாட்டுல 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி அதைப் பிடிச்சு வளர்க்கிறது குற்றமும் கூட.

இப்போ ரோமுக்குப் போவோம். கி.மு. 37ல வார்ரோங்கிற ரோமானியர் விவசாயத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். பணக்காரங்க சுவர் கட்டி முயல் வளர்க்கிற அடைப்புகளைப் பத்தி அதுல வருது. எதுக்கு வளர்த்தாங்க? சாப்பிடத்தான். கி.பி. முதல் நூற்றாண்டுல பிளினி இன்னும் ஒரு படி மேல போய், தாய் வயித்துல இருந்து எடுத்த குட்டியையும் பால் குடிச்சுட்டு இருக்கிற குட்டியையும் விசேஷ உணவா சாப்பிட்டதை எழுதி வச்சிருக்கார். படிச்சப்போ பஞ்சு ஞாபகம் வந்து சிஸ்டத்தை மூடிட்டேன்.

இங்க ஒரு சுவாரசியமான கிளைக்கதை. "கி.பி. 600ல போப் கிரிகோரி, முயல் குட்டியும் மீன் கணக்குதான், நோன்பு நாள்ல சாப்பிடலாம்னு உத்தரவு போட்டார். உடனே பிரெஞ்சு மடத்துத் துறவிங்க முயல் வளர்க்க ஆரம்பிச்சாங்க. அப்படித்தான் வீட்டு முயல் வந்துச்சு." இந்தக் கதை பாடப் புத்தகம், ஆராய்ச்சிக் கட்டுரைன்னு எல்லா இடத்துலயும் இருந்தது. 2018ல ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் மூலத்தைத் தேடிப் போனாங்க. அப்படி ஒரு உத்தரவே கிடையாது! தூர்ஸ் நகரத்து கிரிகோரின்னு வேற ஒரு ஆள், ஒருத்தர் நோன்புக் காலத்துல முயல் குட்டி சாப்பிட்டதா எழுதி வச்ச ஒரே ஒரு வரி. அந்த கிரிகோரியும் போப் கிரிகோரியும் குழம்பிப் போய், ஒருத்தர் எழுதினதை அடுத்தவர் காப்பி பேஸ்ட் பண்ணி வந்திருக்காங்க. ஃபார்வர்டு மெயில் நம்ம கண்டுபிடிப்புன்னு நினைச்சேன், அங்கயும் அதே கதைதான் :-)

அந்தக் கட்டுரை சொல்றது, முயல் வீட்டுப் பிராணியானதுக்கு ஒரு தேதியோ ஒரு ஆளோ கிடையாது. பிடிச்சாங்க, அடைச்சாங்க, தின்னாங்க, ரொம்ப மெதுவா கூண்டுக்குள்ள கொண்டு வந்தாங்க. நாய் மாதிரி காவலுக்கு வந்ததில்ல, பூனை மாதிரி எலி பிடிக்க வந்ததில்ல. இங்கிலீஷ்ல 'ராபிட்'ங்கிற வார்த்தையே ஆரம்பத்துல குட்டி முயலை மட்டும்தான் குறிச்சுது. பெரிய முயலுக்கு 'கோனி'ன்னு தனிப் பேர். நடுவுல மடியில வச்சுக் கொஞ்சினவங்களும் இல்லாம இல்லை. 1387ல இங்கிலாந்துல ரோம்சி மடத்துக் கன்னியாஸ்திரீங்க பறவை, முயல், நாய் எல்லாத்தையும் தூக்கிட்டு கோயிலுக்குள்ள வர்றாங்கன்னு பிஷப் கண்டிச்சு எழுதின உத்தரவு இருக்கு. ஆனா அப்படிப்பட்டவங்க கொஞ்சம் பேர்தான்.

இந்தத் தேடல்ல எனக்குக் கிடைச்ச புதையல் ஒரு கவிஞர். வில்லியம் கூப்பர். (எழுத்தைப் பார்த்தா 'கௌப்பர்'னு படிக்கத் தோணும், கூப்பர்தான் சரி.) 1774ல இங்கிலாந்துல ஓல்னிங்கிற சின்ன ஊர்ல, கடுமையான மனச்சோர்வுல இருந்தார். புத்தகம் படிக்க முடியலை, நாலு பேரோட பேச முடியலை. பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு யாரோ மூணு மாசக் காட்டுமுயல் குட்டி ஒண்ணை விளையாடக் கொடுத்திருந்தாங்க. அந்தப் பசங்களுக்கு அதைச் சீண்டத் தெரிஞ்சுது, சோறு போடத் தெரியலை. சீக்கிரமே சலிச்சும் போச்சு. குட்டி நாளுக்கு நாள் இளைச்சுப் போறதைப் பார்த்த அவங்கப்பா, அதைக் கூப்பர்கிட்ட கொடுத்துட்டார்.

இதைப் படிச்சதும் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்தேன். 1774ங்கிற வருஷத்தை மட்டும் அழிச்சா இது எங்க வீட்டுக் கதை.

விஷயம் தெரிஞ்சு ஊர்க்காரங்க எல்லாரும் குட்டியைக் கொண்டு வந்து நீட்ட, அவர் மூணை மட்டும் வச்சுக்கிட்டார். பஸ், டைனி, பெஸ். அவரே மரவேலை செஞ்சு ஒவ்வொண்ணுக்கும் தனி அறை கட்டினார். மூணுக்கும் அதே சாப்பாடு, அதே கவனிப்பு.

பெஸ் வளர்ந்த கொஞ்ச நாள்லயே செத்துப் போச்சு. காரணம், கழுவின பெட்டியை ஈரம் காயறதுக்கு முன்னாடி அதை உள்ள விட்டது. கூப்பரே எழுதி வச்சிருக்கார். ஆக, ஈரத்துல முயலைக் கொன்ன முதல் ஆள் நான் இல்லை. இதுல ஆறுதல் ஒண்ணும் இல்லை. ஆனா அவர் அதை மறைக்காம எழுதினாரேங்கிறதாலதான் நானும் இந்தப் பதிவை எழுதறேன்.

பஸ்ஸுக்கு ஒரு தடவை உடம்பு சரியில்லாம போச்சு. மத்த ரெண்டுகிட்ட இருந்து பிரிச்சு, வேளா வேளைக்கு இலை தழை மாத்தி மாத்திக் கொடுத்து, ராப்பகலா பார்த்துக்கிட்டார். பிழைச்சுது. அப்புறம் அவரோட புறங்கை, உள்ளங்கை, ஒவ்வொரு விரல், விரல் இடுக்கு எல்லாத்தையும் நக்கிக் கொடுத்துச்சாம். தோட்டத்துக்குப் போகணும்னா அவர் முழங்கால்ல முன்னங்காலால தட்டும், கோட்டைப் பிடிச்சு இழுக்கும்.

டைனி? அதுக்கும் நோய் வந்தது, அதே பணிவிடை நடந்தது. ஆனா தடவப் போனா உறுமும், முன்னங்காலால அறையும், பாயும், கடிக்கும். கடைசி வரைக்கும் பழகவே இல்லை. கிட்டத்தட்ட 9 வயசு வரைக்கும் வாழ்ந்து 1783ல செத்துப் போச்சு. அந்தக் கடிக்கிற முயலுக்குத்தான் கூப்பர் இரங்கற்பா எழுதினார். மூணு முயலோட கதையையும் 1784ல ஒரு லண்டன் பத்திரிகைக்குக் கடிதமா எழுதி அனுப்பினார். பஸ் 1786ல, 11 வருஷம் 11 மாசம் வாழ்ந்து, முதுமையில நிம்மதியா போச்சு.

கூப்பருக்கு 100 வருஷத்துக்கு மேல கழிச்சு, அதே நாட்டுல பீட்ரிக்ஸ் பாட்டர். அவங்க வளர்த்தது அசல் குழிமுயல். பெஞ்சமின்கிற முயலுக்குத் தோல் வார் போட்டு வாக்கிங் கூட்டிட்டுப் போவாங்க. அடுத்தது பீட்டர். 1893ல உடம்பு சரியில்லாத ஒரு அஞ்சு வயசுப் பையனுக்கு எழுதின படக் கடிதத்துல பீட்டர் கதாநாயகனாச்சு. அந்தக் கதை 1902ல புத்தகக் கடைக்கு வந்து உலகம் பூரா பரவினப்போ நிஜ பீட்டர் உயிரோட இல்லை. 1901 ஜனவரியில செத்துப் போச்சு, 9 வயசு. உலகத்துக் குழந்தைங்க எல்லாம் முயல் கேட்க ஆரம்பிச்சதுல அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டுன்னு எனக்குத் தோணுது. வரைஞ்சவங்க பல வருஷம் பக்கத்துலயே வச்சு வளர்த்துப் பார்த்துதான் வரைஞ்சாங்க. வாங்கினவங்க (என்னையும் சேர்த்து) படத்தை மட்டும் பார்த்தோம்.

இனி விஞ்ஞானம், சுருக்கமா. தாய்முயல் குட்டிங்க கூடவே இருக்காது. ஒரு நாளைக்குப் பொதுவா ஒரே தடவை, மூணு நாலு நிமிஷம் பால் கொடுத்துட்டுப் போயிடும். எதிரி மோப்பம் பிடிச்சு வளைக்கு வந்துடக் கூடாதுங்கிறதுக்கான ஏற்பாடு. 1999ல ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. பிறந்த முதல் வாரத்துல, அந்தப் பால் குடிக்கிற நேரத்தை ஒட்டி மனுஷன் குட்டியைத் தொட்டுப் பழக்கினா, வளர்ந்த பிறகு மனுஷன்கிட்ட பயம் குறையுது. மத்த நேரத்துல தொட்டா அந்தப் பலன் இல்லை. அதாவது சந்தைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தக் கதவு பாதி சாத்திடுது. அதுக்கப்புறம் பொறுமையால மட்டும்தான் திறக்க முடியும்.

2018ல இன்னொரு ஆராய்ச்சி. 8 காட்டுக் குழிமுயல், 8 வீட்டு முயல், ரெண்டு குழுவோட மூளையையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. வீட்டு முயலுக்கு பயத்தை உண்டாக்குற பகுதி சின்னதா இருக்கு, பயத்தை அடக்குற பகுதி பெருசா இருக்கு. பயம் குறைஞ்சிருக்கு, ஆனா போகலை. நூத்துக்கணக்கான தலைமுறையா நம்ம சட்டியில கிடந்த பிராணி அது. நாலு நாள்ல நம்பணும்னு எதிர்பார்த்தது யார் தப்பு?

அமெரிக்காவுல 1985ல மாரினெல் ஹாரிமன்கிற அம்மா, முயலைக் கூண்டுல போடாம வீட்டுக்குள்ள குடும்பத்துல ஒண்ணா வளர்க்கிறதைப் பத்தி ஒரு கையேடு எழுதினாங்க. 1988ல ஹவுஸ் ராபிட் சொசைட்டின்னு ஒரு அமைப்பும் வந்துச்சு. கைவிடப்பட்ட முயல்களைக் காப்பாத்தி வீடு தேடிக் கொடுக்கிறது அவங்க வேலை. 2000 வருஷக் கதையில முயலோட சௌகரியத்துக்குன்னே ஒரு அமைப்பு வந்தது அவ்வளவு சமீபத்துலதான்.

பட்டாணிக்கு இப்போ மூணு வயசு. சாப்பாட்டுல முக்கால்வாசி காய்ஞ்ச புல்லும் அருகம்புல்லும்தான். கேரட் எப்பவாவது ஒரு துண்டு, நமக்கு லட்டு மாதிரி. குளியல் கிடையாது. சென்னை வெயிலுக்கு, தண்ணி உறைய வச்ச பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வைப்பேன். அரை நாள் சாப்பிடாம இருந்தா அதே டாக்டர்கிட்ட ஓடுவேன், ஏன்னா முயலுக்குக் குடல் நின்னு போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. டெய்லி ராத்திரி கால் மணி நேரம் தரையில உக்காந்து ஏதாவது படிப்பேன். கூப்பிட மாட்டேன், பிடிக்க மாட்டேன். வந்தா வரட்டும்.

மூணு வருஷத்துல ரெண்டு தடவை வந்து கால் விரலை மோந்து பார்த்திருக்கு. தூக்கப் போனா இன்னிக்கும் உறுமல், ஒரு கடி. எனக்கு வாய்ச்சது பஸ் இல்லை, டைனிதான் போல.

போன மாசம் அக்கா பொண்ணு வந்திருந்தா. எட்டாம் கிளாஸ் போயிட்டா. "இன்னும் கடிக்குதே மாமா, அப்புறம் எதுக்கு வளர்க்கிறீங்க?"ன்னு கேட்டா. டைனி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கையில இருந்த மொபைலைக் கீழ வச்சுட்டு, என் பக்கத்துல தரையில வந்து உக்காந்தா.

பட்டாணி வரலை. நாங்க கால் மணி நேரம் உக்காந்திருந்தோம்.