எண்ணெய் என்னும் சொல்

தில்லிக் கடைகளில் நல்லெண்ணெய் வாங்க விரும்புவோர் ‘தில் கா தேல்’ என்று கேட்டல் வேண்டும். வெறுமனே ‘தேல்’ என்றால் கடைக்காரரின் கை கடுகெண்ணெயையே நாடும். ‘தில்’ என்பது எள். வடமொழியில் ‘தில’த்தினின்று பிறந்தது ‘தைலம்’. அதுவே இந்தியில் ‘தேல்’ ஆயிற்று. ஆகவே நாம் கேட்பது ‘எள்ளின் எள்ளெண்ணெய்’! கடைக்காரர் நகைப்பதில்லை, தேலுக்குள் தில் இருப்பதை அவரும் மறந்தவரே.

நாம் மட்டும் நினைவில் வைத்திருக்கிறோமா? இங்கே பிறந்து, ஞாயிறுதோறும் தமிழ் பயிலும் என் மகன், தன் ஏட்டில் ‘எண்ணை’ என்று எழுதியிருந்தான். காதில் விழுந்தபடி எழுதினானாம். வெள் + நெய் வெண்ணெய் ஆனதுபோல, எள் + நெய் எண்ணெய் ஆயிற்று என்று பிரித்துக் காட்டினேன். “அப்படியானால் மண்ணெண்ணெயில் எள் எங்கே, அப்பா?” என்றான்.

நல்ல வினா. பழந்தமிழில் ‘நெய்’ பரந்த பொருளுடையது. பாலினின்று பெற்றதும் நெய்; விளக்கில் வார்த்ததும் நெய். குருதிக்கும் ‘நெய்த்தோர்’ என்று பெயர் உண்டு. எள்ளின் நெய்யே மிகுதியாகப் புழங்கியமையால், அதன் பெயர் மற்ற வித்துக்களின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. எண்ணெய் விரிய விரிய, நெய் உருக்கிய வெண்ணெய் அளவில் சுருங்கிற்று. எள்ளின் எண்ணெய்க்கோ ‘நல்ல’ என்ற அடை தேவைப்பட்டது. தன் வீட்டிலேயே விருந்தாளியானவன் கதைதான்!

கன்னடத்தாரின் ‘எண்ணெ’யும் மலையாளத்தாரின் ‘எண்ண’யும் இதே பிறப்பின. தெலுங்கின் ‘நூனெ’யிலும் ‘நுவ்வு’ என்னும் எள் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்து ‘ஆயில்’ என்பதோ கிரேக்க மொழியின் ஒலிவப் பெயரினின்று வந்தது. அவரவர் நிலத்து வித்து அவரவர் சொல்லில். தேங்காயெண்ணெயை மலையாளத்தார் ‘வெளிச்செண்ண’ என்பர். நாம் ஆமணக்கெண்ணெயை ‘விளக்கெண்ணெய்’ என்கிறோம். எங்கே எது விளக்கில் எரிந்தது என்பதைப் பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன.

‘தேங்காய் எண்ணெய்’ பிழை, ‘தேங்காய் நெய்’ என்பதே முறை என வாதிடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் வழக்கை நான் ஏற்பதில்லை. பொருள் விரிதல் சொல்லுக்கு வளர்ச்சி. நிலக்கடலை தென் அமெரிக்காவினின்று கடல் கடந்து வந்தபோது, அதன் எண்ணெய்க்குப் பெயரிட இவ்விரிவன்றோ உதவிற்று? மண்ணெண்ணெயும் அவ்வாறு வந்ததே. இந்தியிலும் அது ‘மிட்டி கா தேல்’, மண்ணின் எண்ணெய். ரேஷன் கடை வரிசையில் டப்பாவுடன் நின்ற என் இளமைக் காலத்தில், முன்னே நின்ற பஞ்சாபியரும் பின்னே நின்ற நாங்களும் மண்ணில் எள்ளைத் தேடவில்லை.

ஆயினும் ‘எண்ணை’ வேறு. பொருள் விரிந்தாலும் எழுத்தில் வேர் தெரிந்தது. இங்கே வேரே அறுபடுகிறது. தமிழைக் காதால் மட்டுமே பெறும் வெளிமாநிலப் பிள்ளைகட்கு அந்த ஒரு ‘ணெய்’யும் போய்விட்டால், வினாவுக்கும் இடமிராது. மகனின் ஏட்டில் ‘ணை’யை அடித்து, ‘ணெய்’ என்று சிவப்பு மையால் எழுதினேன்.