பாயின்செட்டியா: பெயருக்குப் பின்னால் உள்ள வரலாறு

கிறிஸ்துமஸ் காலத்தில் உலகெங்கும் வீடுகளையும் தேவாலயங்களையும் அலங்கரிக்கும் சிவப்புச் செடி பாயின்செட்டியா. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் இதன் தாயகம். இதுவும் நம் சதுரக்கள்ளியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கிள்ளினால் இதிலும் பால் வடியும். பலர் இதழ் என்று எண்ணும் சிவப்புப் பகுதி உண்மையில் இலையே. நடுவிலுள்ள மஞ்சள் நிறச் சிறு மொட்டுகளே பூக்கள். இரவு நீளும் பருவத்தில்தான் மேலிலைகள் சிவக்கும். ஆகவே இது டிசம்பர் மாதச் செடியாயிற்று.

மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் இதனைக் குயெட்லாஷோச்சிட்டில் என்று அழைத்தனர். சிவந்த இலைகளிலிருந்து சாயம் எடுத்தனர். பாலைக் காய்ச்சலுக்கு மருந்தாகப் பயன்படுத்தினர். ஸ்பானியர் ஆட்சியில், 17ஆம் நூற்றாண்டில், டாஸ்கோ பகுதியின் பிரான்சிஸ்கன் துறவிகள் கிறிஸ்து பிறப்பு விழாவில் இதனைப் பயன்படுத்தினர் என்பர். மெக்சிகோவில் இன்றும் இதன் பெயர் 'நோச்சேபுவெனா'; கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது அதன் பொருள்.

1825இல் மெக்சிகோவுக்கு அமெரிக்காவின் முதல் தூதராகச் சென்றவர் ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட். தாவர ஆர்வலரான அவர் இச்செடியைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். 1829இல் பிலடெல்பியா மலர்க் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. பின்னர் அவர் பெயரே ஆங்கிலத்தில் செடிக்கு நிலைத்தது. ஆனால் உள்நாட்டு அரசியலில் தலையிட்டதால், அவரைத் திரும்ப அழைக்குமாறு மெக்சிகோ அரசே கேட்டுக்கொண்டது.

செடியை அறிந்து பயன்படுத்தியவர்கள் ஒரு மக்கள். பெயர் பெற்றவர் அதை வெளியே அனுப்பிய ஒருவர். ஆஸ்டெக் மக்கள் வைத்த பெயரையும் மாணவர்கள் சேர்த்தே நினைவில் கொள்வது நன்று.