ஆசான் எங்கே அமர்வது?

ஹல்துமுல்லைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். கீழே தெற்குச் சமவெளி விரிந்து கிடக்கும். அங்கிருந்து வரும் காற்று மலைமுகத்தில் மோதி மேலெழும். அந்தக் காற்றில் பருந்தொன்று சிறகசைக்காமல் நெடுநேரம் மிதக்கும். இயந்திரமற்ற விமானமாகிய கிளைடரும் இத்தகைய காற்றை நம்பியே பறக்கிறது. 1920இல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் கிளைடர் போட்டிகள் தொடங்கியதும் இப்படியொரு சரிவில்தான்.

ஆனால் ஹல்துமுல்லையில் எழுந்த கிளைடர் எங்கே இறங்கும்? பார்க்குமிடமெல்லாம் தேயிலைச் சரிவும் பள்ளத்தாக்கும்தான். கிளைடர் ஓட்டுவதன் முழுச் சிக்கலும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. இறங்கும்போது கணக்குத் தப்பினால் இயந்திரத்தை முடுக்கி மீண்டும் சுற்றிவர இயலாது. கிடைப்பது ஒரே வாய்ப்பு. அதை எப்படிக் கற்பிப்பது?

தொடக்கத்தில் ஜெர்மனியில் மாணவன் முதல்நாளே தனியாக ஏற்றப்பட்டான். ஆசிரியர் தரையில் நின்று பார்த்தார். மரச்சட்டங்கள் முறிந்தன, சில வேளைகளில் எலும்புகளும் முறிந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பறக்கும் பயிற்சி பரவலாகியது. உடனே அடுத்த கேள்வி எழுந்தது: ஆசிரியர் அருகில் அமர்வதா, பின்னால் அமர்வதா?

பிரித்தானியாவின் ஸ்லிங்ஸ்பி நிறுவனம் இரண்டையும் செய்து பார்த்தது. 1944இல் பறந்த டி.21 அருகருகே இருக்கை கொண்டது. ஏறத்தாழ 16.5 மீற்றர் நீள இறக்கையோடு மெதுவாக, சாதுவாக மிதந்து இறங்கும். 1949இன் டி.31 முன்பின் இருக்கை கொண்டது. அதன் இறக்கை 13 மீற்றர் அளவே. விரைவாக உயரம் இழக்கும். எனவே திடலைவிட்டு அதிக தூரம் விலகினால் திரும்பிச் சேர்வது கடினம். பின்னிருக்கை ஆசிரியர் இறக்கையின் கீழ் அமர்ந்து, மாணவனின் தலைக்கு மேலாகத் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

அருகே அமர்ந்தால் மாணவனின் முகமும் கைகளும் தெரியும், பேசுவதும் எளிது. ஆனால் மாணவன் விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகி அமர்வதால் நேராக இறங்குவதில் கண் ஏமாற்றும். இடத் திருப்பமும் வலத் திருப்பமும் வெவ்வேறாகத் தோன்றும். தனியாகப் பறக்கும் முதல்நாளில் பக்கத்து இருக்கை காலியாகும்போது விமானத்தின் சமநிலையும் மாறிவிடும். முன்பின் இருக்கையில் பின்னவரின் எடை ஈர்ப்பு மையத்துக்கு அருகில் இருப்பதால் அந்த மாற்றம் குறைவு. முன்னால் தெரியும் காட்சியோ மாறுவதே இல்லை.

இந்தியாவும் இதே வழியில் நடந்தது. சிவில் விமானத் திணைக்களம் தன் கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்களைச் சூட்டியது. 1958இல் பறந்த அசுவினி முன்பின் இருக்கை கொண்டது. 1961இல் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி அருகருகே இருக்கை கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 1979இல் வந்த ஆர்த்ரா, நம் வழக்கில் திருவாதிரை, மீண்டும் முன்பின் இருக்கைக்கே திரும்பியது. அதே காலகட்டத்தில் ஜெர்மனியில் பறந்த ஏஎஸ்கே 21உம் அப்படியே. உலகெங்கும் பயிற்சிக் கழகங்களில் இன்றும் அது பறக்கிறது. ஒடுங்கிய உடலுக்குக் காற்றுத்தடை குறைவு என்பது ஒரு காரணம். பின்னிருக்கையிலிருந்தும் வெளியே நன்றாகப் பார்க்க வழி செய்யப்பட்டது இன்னொன்று.

ஆயினும் ரோகிணியின் முறை தவறானது என்று நான் சொல்லமாட்டேன். பயந்த மாணவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். தனித்துப் பறக்கப் போகிறவனுக்கோ, ஆள் இல்லாததைப் போன்ற பழக்கம் வேண்டும். இரண்டும் தேவை. எழுத்துத் தொழிலில் இளையவர்களைப் பழக்கிய எனக்கும் இந்தச் சங்கடம் புதிதல்ல. எத்தனை நாள் பக்கத்தில் இருப்பது, எப்போது பின்னால் நகர்வது என்பதை எந்த நூலும் சொல்லித் தருவதில்லை.

ஹல்துமுல்லைப் பருந்துக்கு இந்தக் கவலைகள் இல்லை. எந்த மரக்கிளையும் அதற்கு இறங்குதிடல்தான்.