ஒட்டும் ஒப்பமும்: லினக்ஸ் கருநிரல் வரலாற்றில் புதியவர் பங்களிப்பின் மதிப்பாய்வு

1. முன்னுரை

மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிக்கும் மென்பொருள் திறமூல மென்பொருள் எனப்படும். எவரும் திருத்தலாம் என்பதனால் எத்திருத்தமும் ஏற்கப்படும் என்பது பொருளன்று. முன்பின் அறியாத புதியவர் ஒருவர் விடுக்கும் திருத்தத்தை ஏற்பதா, மறுப்பதா, மேலும் செப்பமிடுமாறு திருப்பியனுப்புவதா என முடிவு செய்யும் நடைமுறையே மதிப்பாய்வாகும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் இந்நடைமுறை வளர்ந்த வரலாற்றையும், அதில் மொழி ஆற்றிய பங்கினையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒட்டு

1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் முயற்சியை அறிவித்தார். பிறர் செய்த திருத்தங்கள் பேட்ச் எனப்படும் ஒட்டுகளாக அவரை வந்தடைந்தன. லாரி வால் 1985இல் வெளியிட்ட பேட்ச் என்னும் நிரல் இதற்கு வழிவகுத்திருந்தது. முழு நிரலையும் அனுப்பாமல், நீக்கிய வரிகளைக் கழித்தற்குறியாலும் சேர்த்த வரிகளைக் கூட்டற்குறியாலும் காட்டிச் சூழல் விளங்கச் சில வரிகளை உடன் தருவது ஒட்டின் இயல்பாகும். சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காட்டும் முறையோடு இதனை ஒப்பிடலாம். ஆயினும், பதிப்பாசிரியர் மூலபாடம் எதுவென்று தேடுகிறார். மதிப்பாய்வாளரோ இனிப் பாடமாக வேண்டுவது எதுவென்று துணிகிறார்.

தொடக்கத்தில் இத்துணிபு பெரிதும் டோர்வால்ட்ஸ் ஒருவரையே சார்ந்திருந்தது. ஒட்டுகள் பெருகியபோது பல விடையின்றிக் கைவிடப்பட்டன. மறுப்பினும் மௌனமே புதியவர்க்குக் கொடிது. மறுப்பில் காரணம் கிடைக்கும், மௌனத்தில் தம் பிழை யாதென்பதும் விளங்காது. 2002இல் பிட்கீப்பர் என்னும் பதிப்பு மேலாண்மை அமைப்பு பயன்பாட்டிற்கு வந்தது. அதன் கட்டணமற்ற உரிமம் 2005இல் விலக்கிக்கொள்ளப்படவே, டோர்வால்ட்ஸ் கிட் அமைப்பினை உருவாக்கினார். புதியவரின் ஒட்டு முதலில் அந்தந்தப் பகுதிக்குரிய பேணுநரிடம் சென்று, படிப்படியாக மேலேறும் முறை இக்கருவிகளால் வலுப்பெற்றது.

3. ஒப்பம்

எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் நிறுவனத்தின்மீது 2003இல் வழக்குத் தொடுத்ததைத் தொடர்ந்து, கருநிரலின் ஒவ்வொரு வரியும் எவர் வழியாக வந்தது என்னும் வினா எழுந்தது. 2004இல் ஒவ்வோர் ஒட்டின் இறுதியிலும் ஒப்பவரி இடும் வழக்கம் கொண்டுவரப்பட்டது. இந்நிரலை வழங்க எனக்கு உரிமையுண்டு என்று அனுப்புநர் சான்றளிப்பதே இவ்வரியின் பொருளாகும். ஒட்டினைப் பெற்று மேலே அனுப்பும் பேணுநரும் தம் ஒப்பத்தைச் சேர்ப்பர். ஆதலின் இதனை 'எழுதியவர்' என மொழிபெயர்ப்பது பிழையாகும். 'ஒப்பமிட்டவர்' என்பதே பொருந்தும்.

மதிப்பாய்ந்தவர் பெயரைக் குறிக்கும் வரி பின்னர் வரையறுக்கப்பட்டது. நிரலை நுட்பமாக ஆராய்ந்தேன், கண்ட குறைகளை அனுப்புநரிடம் தெரிவித்தேன், அவர் தந்த விடை எனக்கு நிறைவளித்தது, இம்மாற்றம் ஏற்கத்தக்கது, எனினும் இதற்கு நான் உத்தரவாதம் அளிக்கவில்லை என்னும் கருத்துகள் அவ்வொரு வரியில் அடங்கும். ஜே. எல். ஆஸ்டின் விளக்கிய செயற்கூற்று என்னும் வகையில் இதனை அடக்கலாம். இது செய்தி கூறும் தொடரன்று, பொறுப்பேற்கும் செயலே.

4. புதியவரும் மொழியும்

ஒட்டின் விளக்கவுரை ஏவல் வடிவில் அமைதல் வேண்டும் என்று கருநிரல் ஆவணம் வலியுறுத்துகிறது. 'திருத்தினேன்' என்னாது, நிரலையே முன்னிலைப்படுத்தித் 'திருத்து' என எழுதுதல் வேண்டும். இத்தகைய மரபுகளை அறியாமையால் புதியவரின் முதல் ஒட்டு திரும்பி வருதல் இயல்பு. நடை சார்ந்த குறைகளைச் சுட்டும் செக்பேட்ச் என்னும் நிரல் 2007இலும், செப்பமுறாத இயக்கிகளைத் தனியே வைத்துத் திருத்துவதற்கான பகுதி 2008இலும் கருநிரலில் இடம்பெற்றன. பின்னது புதியவர்க்குப் பயிற்சிக் களமாகவும் அமைந்தது. மதிப்பாய்வின் கடுமொழி குறித்த குறைபாடு நெடுநாள் நிலவியது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்கு வருத்தம் தெரிவித்தார். நன்னடத்தை நெறியும் அப்போதே ஏற்கப்பட்டது.

5. நம்பிக்கையின் முறிவு

ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், பிழை பொதிந்த ஒட்டுகளை மதிப்பாய்வாளர் கண்டறிவரா எனச் சோதிக்கத் தம் நோக்கத்தை மறைத்து அவற்றை அனுப்பினர். 2021 ஏப்ரலில் இது பெரும் பூசலாக வெடித்தது. அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளை ஏற்பதில்லை எனப் பேணுநர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அறிவித்தார். அங்கிருந்து முன்னர் வந்த மாற்றங்கள் மீண்டும் ஆராயப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை செம்மையானவையே எனத் தெரியவந்தது. சிலரது பொய்ந்நோக்கத்தால் நேர்மையாளர் பலரின் உழைப்பும் ஐயத்திற்கு உள்ளாயிற்று. செயற்கூற்று நிறைவேற வாய்மை ஒரு நிபந்தனை என்பதனை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது.

6. முடிபு

ஒருவர் துணிபில் தொடங்கிய மதிப்பாய்வு, பலர் பொறுப்பினைப் பதிவு செய்யும் வாய்பாடுகளாக வளர்ந்தமை மேற்கண்டவற்றால் பெறப்படும். இவ்வாய்பாடுகள் புதியவரை அவர்தம் பெயராலன்றி எழுத்தால் அறிய வகைசெய்கின்றன. எழுத்தின் பின்னுள்ள நோக்கத்தை அறிய அவை போதா. அவ்விடைவெளியை நம்பிக்கையே நிரப்புகிறது. இவ்வரிகளைத் தமிழாக்குவோர் சொற்பொருளை மட்டுமன்றி, ஒவ்வொரு வரியாலும் ஏற்கப்படும் பொறுப்பின் அளவினையும் பெயர்த்தல் வேண்டும்.